ஏற்கெனவே உள்ள கட்டுரைகளையும் காணொளிகளையும் கொண்டு மின்னஞ்சல் பட்டியலை வளர்ப்பது எப்படி?

கேள்வி: தையல்துணை

அனைவருக்கும் வணக்கம்.

தையல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதும் அவற்றின் உதிரிபாகங்களை இணையவழி விற்பதும் எங்கள் தொழில். இரண்டே பேர் நடத்தும் சிறு நிறுவனம் என்பதால் விளம்பரத்துக்கென்று தனியாக ஆள் வைத்துக்கொள்ள இயலாது. வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களுக்கு விடையாகப் பல ஆண்டுகளாக எங்கள் இணையதளத்தில் கட்டுரைகள் எழுதி வருகிறோம்; அவற்றில் சிலவற்றைக் காணொளியாகவும் எடுத்து யூடியூபில் ஏற்றியிருக்கிறோம். துணிக்கு அடியில் நூல் சிக்குப் பிடிப்பது, ஊசி அடிக்கடி முறிவது, தையல் விட்டுவிட்டு விழுவது, பாபின் கேஸைக் (அடிநூல் உருளை இருக்கும் கூட்டைக்) கழற்றித் துடைப்பது என எல்லாமே அன்றாடச் சிக்கல்கள்தாம். தேடுபொறி வழியாக நிறையப் பேர் வருகிறார்கள். தமக்கு வேண்டியதைப் படித்துத் தெரிந்துகொண்டு போய்விடுகிறார்கள். அடுத்த முறை ஊசியோ பெல்ட்டோ தேவைப்படும்போது எங்கள் பெயர் அவர்கள் நினைவுக்கு வருவதற்கு எந்த ஏற்பாடும் எங்களிடம் இல்லை.

அதனால் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றை முறையாக வளர்க்க விரும்புகிறோம். இப்போது தளத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "எங்கள் செய்திமடலில் இணையுங்கள்" என்ற படிவம் இருக்கிறது. அதில் பதிவு செய்பவர்கள் மிகக் குறைவு. புதிதாக எழுதுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. கையில் இருப்பதையே வேறு வடிவத்தில் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் இருந்தாலும், எல்லாக் கட்டுரைகளையும் தொகுத்து இலவச மின்னூலாகத் தருவதா, வாரம் ஒரு கட்டுரையாக மின்னஞ்சலில் அனுப்புவதா என்பதில் எங்கள் இருவருக்குள்ளும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. எந்தக் கட்டுரையிலிருந்து தொடங்கலாம், எந்த வடிவம் பலன் தரும், தளத்தில் உள்ளதையே மின்னஞ்சலிலும் அனுப்பினால் தேடுபொறியில் எங்களுக்கு இருக்கும் இடம் பாதிக்கப்படுமா என்பவற்றில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: மடல்வழி

வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய அஞ்சல்பெட்டிக்குப் போகும் மடலைத் தேடுபொறி தன் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆகவே தளத்தில் உள்ளதை மின்னஞ்சலில் அனுப்புவதால் எந்தப் பாதிப்பும் வராது. மின்னஞ்சல் சேவைகள் பல, அனுப்பிய மடலின் இணையப் பிரதி ஒன்றையும் உருவாக்கிப் பொதுவில் வைக்கும். அதை மட்டும் தேடுபொறியின் கண்ணில் படாதபடி அமைத்துவிடுங்கள். அதே கட்டுரையை இன்னொரு தளத்தில் மறுபடி வெளியிடும்போதுதான் எது மூலம் என்ற குழப்பம் எழும். அந்தத் தளத்தில் கனானிக்கல் குறியீடு (மூலப் பக்கம் எது என்று தேடுபொறிக்குக் காட்டும் குறி) சேர்க்க வழியிருந்தால் உங்கள் பக்கமே மூலம் என்று அதில் குறிப்பிடலாம். வழியில்லாவிட்டால் சுருக்கத்தை மட்டும் அங்கே வெளியிட்டு, முழுக் கட்டுரைக்கு இணைப்புக் கொடுங்கள்.

மின்னூலா, வாரமடலா என்று முடிவெடுப்பதற்கு முன்னால், உங்கள் பக்கத்துக்கு வருபவர் எந்த நிலையில் வருகிறார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். "துணிக்கு அடியில் நூல் ஏன் சிக்குகிறது" என்று தேடி வருபவர், பாதி தைத்த துணியை இயந்திரத்தில் விட்டுவிட்டுக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருப்பார். அவருக்கு அந்த நேரத்தில் செய்திமடலில் நாட்டம் இருக்காது. உங்கள் கட்டுரை அவருடைய சிக்கலைத் தீர்த்துவைத்த பிறகு அவர் மனத்தில் எழக்கூடிய அடுத்த எண்ணம், "இன்னொரு முறை இப்படி நின்றுபோனால் மறுபடியும் தேட வேண்டுமே" என்பதாகத்தான் இருக்கும். அந்த எண்ணத்துக்கு விடையாக எதைக் கொடுக்கிறீர்களோ, அதற்காக அவர் தம் மின்னஞ்சல் முகவரியை மனமுவந்து தருவார்.

எனவே உங்கள் கட்டுரைகளில் ஐந்தாறை எடுத்து, அவற்றின் சாரத்தை ஒரே பக்கத் தாளாகச் சுருக்குங்கள் என்பது என் பரிந்துரை. இடப்பக்கத்தில் அறிகுறி, வலப்பக்கத்தில் எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்ற வரிசை. அடியில் நூல் சிக்குகிறது என்றால், அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முதலிலிருந்து மறுபடி கோத்துப் பார்க்கச் சொல்வீர்கள். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால் இழுவிசைத் தட்டுகளுக்கு நடுவில் நூல் சரியாக உட்காராது என்பதுதான் பெரும்பாலும் காரணம். அது சரியாக இருந்தால் ஊசியை மாற்றுவது, பிறகு பாபின் வைத்திருக்கும் திசையைப் பார்ப்பது, துணியை நகர்த்தும் பற்தகட்டுக்கு அடியில் சேர்ந்த பஞ்சைத் துடைப்பது, இவை எல்லாம் முடிந்த பிறகே இழுவிசைத் திருகில் கை வைப்பது என்று வரிசை போகும். பெரும்பாலோர் கடைசியில் செய்ய வேண்டியதையே முதலில் செய்துவிடுகிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த வரிசை உங்கள் கட்டுரைகளில் சிதறிக் கிடக்கிறதே தவிர, எந்த ஒரு கட்டுரையிலும் முழுமையாக இருக்காது. அதனால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு வருகிறது. அச்சிட்டு இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொள்ளலாம் என்று அதிலேயே குறிப்பிடுங்கள். ஒட்டப்படும் தாளில் உங்கள் பெயரும் தள முகவரியும் இருக்கும்.

மின்னூலை நான் ஆதரிக்காததற்குக் காரணம், தளத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கும் கட்டுரைகளை ஒன்றாகக் கட்டிக் கொடுப்பதால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. பதிவிறக்கம் செய்து வைத்துக்கொள்வார்கள், திறக்க மாட்டார்கள். உங்களுக்கோ தொகுப்பது, மெய்ப்புப் பார்ப்பது, அட்டை வடிவமைப்பது என்று நெடுநாள் வேலை.

எந்தக் கட்டுரையிலிருந்து தொடங்குவது என்பதற்கு ஊகம் தேவையில்லை. தள உரிமையாளர்களுக்கு கூகுள் தரும் இலவசக் கருவியான கூகுள் சர்ச் கன்சோல் கடந்த 16 மாதங்களின் தரவை வைத்திருக்கிறது; எந்தப் பக்கத்துக்கு எந்தத் தேடற்சொல்லால் ஆட்கள் வந்தார்கள் என்பதை அதில் காணலாம். அதிகம் பேர் வரும் பக்கங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் உங்களிடம் பொருள் வாங்கக்கூடியவர்கள் வரும் பக்கம் எது என்று பிரித்துப் பாருங்கள். தையல் இயந்திரத்தின் வரலாறு பற்றி நீங்கள் ஏதேனும் எழுதியிருந்தால் அதற்கு நிறைய வருகை இருக்கலாம். ஆனால் பள்ளிக் கட்டுரைக்காகப் படிக்க வருபவர் ஊசி வாங்க மாட்டார். நூல் சிக்கு, ஊசி முறிவு போன்ற பக்கங்கள் மூன்றைத் தேர்ந்தெடுத்து அவற்றில் மட்டும் முதலில் செய்து பாருங்கள். தேர்ந்த பிறகு, கட்டுரையில் சொன்னது இன்றும் சரியா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். பழைய இயந்திரங்களை மனத்தில் வைத்து எண்ணெய் விடச் சொல்லியிருப்பீர்கள். இப்போதைய கணினித் தையல் இயந்திரங்கள் சிலவற்றில் பயனாளர் எண்ணெய் விடக் கூடாது என்று அவற்றின் கையேடே சொல்கிறது.

படிவத்தைப் பக்கத்தின் அடியில் வைக்காமல், சிக்கல் தீரும் பத்திக்கு நேர் கீழே வையுங்கள். "செய்திமடலில் இணையுங்கள்" என்பதற்குப் பதிலாக, "இயந்திரம் நின்றுபோனால் எதை முதலில் பார்ப்பது? சுவரில் ஒட்டிக்கொள்ள ஒரு பக்கத் தாள், அதன்பின் மாதம் ஒரு பராமரிப்புக் குறிப்பு" என்பதுபோல், என்ன கிடைக்கும், எவ்வளவு இடைவெளியில் மடல் வரும் என்ற இரண்டையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பக்கம் திறந்தவுடன் திரையை மறைக்கும் பாப்-அப் வேண்டாம். கைப்பேசியில் உள்ளடக்கத்தை மறைக்கும் பக்கங்களின் தரவரிசை குறையலாம் என்ற விதியை கூகுள் 2017 ஜனவரியிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அது ஒருபுறமிருக்க, அவசரத்தில் வந்தவரின் வழியை மறிப்பது முறையும் அன்று.

மறுமொழி: ஒளிப்படி

மடல்வழி அவர்கள் கட்டுரைகளைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால் நான் காணொளிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காணொளியின் பேச்சை யூடியூப் தானாகவே எழுத்தாக்கித் தருகிறது என்பதால், அதை அப்படியே எடுத்து மின்னஞ்சலாக அனுப்பிவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். பேசும்போது "இதை இப்படிப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் லேசாகத் திருப்புங்கள்" என்று சொல்லியிருப்பீர்கள். கை தெரியாத இடத்தில் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. எழுத்தாக்கத்தைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, கை செய்த வேலையைச் சொற்களால் புதிதாக எழுத வேண்டும். அந்த ஒரு படியைத் தாண்டுவது கடினம் என்றால், மூன்று நிழற்படங்களைக் காணொளியிலிருந்தே வெட்டியெடுத்து ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுங்கள். பாபின் கேஸைக் கழற்றும் காணொளிக்கு இதுவே போதும்.

காணொளியைவிட அதன் கீழுள்ள பின்னூட்டங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். "நீங்கள் சொன்னபடி செய்தும் தடிமனான துணியில் மட்டும் தையல் விடுகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தால், அங்கே உங்கள் அடுத்த மடலின் தலைப்பு, அதுவும் வாடிக்கையாளரின் சொற்களிலேயே, கிடைத்துவிடுகிறது. அவருக்கு அங்கேயே சுருக்கமாக விடை எழுதிவிட்டு, அதைச் சற்று விரித்துத் துணியின் தடிமனுக்கேற்ற ஊசி எண்களுடன் ஒரு மடலாக்கலாம். புதிதாக யோசிக்க வேண்டிய தேவையே இருக்காது.

பதிவுப் பக்கத்துக்கு ஆட்களைக் கொண்டுவருவதில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. யூடியூப் விவரக் குறிப்பில் முதல் சில வரிகள் மட்டுமே விரிக்காமல் தெரியும் என்பதால் இணைப்பை அங்கேயே வையுங்கள். உங்கள் பின்னூட்டம் ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே பொருத்திவைக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். ஷார்ட்ஸ் எனப்படும் யூடியூப் குறுங்காணொளிகளின் விவரத்திலும் பின்னூட்டத்திலும் இடப்படும் இணைப்புகள் 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து சொடுக்கினால் திறப்பதில்லை. இன்ஸ்டாகிராம் பதிவின் குறிப்பிலும் அப்படித்தான். ஆகவே குறுங்காணொளியிடம் நேராக முகவரியைப் பெற்றுத் தரும்படி எதிர்பார்க்காதீர்கள். அது நீண்ட காணொளிக்கு ஆளை அனுப்பட்டும், நீண்ட காணொளி தாளுக்கு அனுப்பட்டும். தாளைப் பற்றிக் காணொளியில் வாயால் சொல்வதாக இருந்தால், முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் சொல்ல வேண்டாம்; அதற்குள் பெரும்பாலோர் போயிருப்பார்கள். நூல் சரியாக ஓடத் தொடங்கிய அந்த நொடியில் சொல்லுங்கள்.

பின்தொடர்பவர்கள் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு என்று உங்கள் கூட்டாளி கேட்டால், 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் செயலிழந்ததையும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனாளர்களுக்கு மூடப்பட்டதையும் சொல்லுங்கள். அங்கே சேர்ந்திருந்தவர்களின் தொடர்பை வேறெங்கும் எடுத்துச்செல்ல வழியில்லை. மின்னஞ்சல் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி உங்களிடமே வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி: அஞ்சல்தடம்

மேலே உள்ள இரண்டு மறுமொழிகளும் முகவரியைப் பெறுவது வரை சொல்கின்றன. பெற்ற முகவரிக்கு மடல் போய்ச் சேர வேண்டும் என்பதும் இந்த வேலையின் ஒரு பாதிதான்.

முதலில், உங்கள் நிறுவனத்தின் பெயரில் உள்ள டொமைனிலிருந்து (சொந்த இணைய முகவரியிலிருந்து) அனுப்புங்கள். இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைத்துக்கொண்டு மின்னஞ்சல் சேவை ஒன்றின் வழியாக மொத்தமாக அனுப்பினால், அது போலி என்று கருதப்பட்டு ஸ்பேம் கோப்புறைக்குப் போக வாய்ப்பு மிகுதி. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து விதிகளைக் கடுமையாக்கியுள்ளன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட மடல்கள் அனுப்புவோர், மடல் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று சரிபார்ப்புகளையும் வைத்திருக்க வேண்டும். விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும். ஸ்பேம் என்று குறிப்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. உங்கள் பட்டியல் அந்த எண்ணிக்கைக்கு அருகில்கூட இருக்காது என்றாலும், இந்த மூன்று சரிபார்ப்புகளையும் தொடக்கத்திலேயே செய்து வைப்பது நல்லது. டொமைன் அமைப்புகளில் சில வரிகளைச் சேர்க்கும் வேலைதான்; மின்னஞ்சல் சேவையே அந்த வரிகளைத் தரும்.

இரண்டாவது, உறுதிப்படுத்தும் மடல். படிவத்தில் முகவரி இட்டவுடன் தாளைக் காட்டிவிடாமல், "உறுதிசெய்து தாளைப் பெறுங்கள்" என்ற பொத்தானுடன் ஒரு மடல் அனுப்பி, அதைச் சொடுக்கிய பிறகு தாள் திறக்கும்படி அமையுங்கள். எழுத்துப் பிழையுடன் இட்ட முகவரிகளும் பிறர் முகவரிகளும் பட்டியலில் நுழையாது. ஒப்புதல் எப்போது, எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்ற பதிவும் உங்களிடம் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு விதியின்படி, ஒப்புதலின் அடிப்படையில் தரவைப் பயன்படுத்துபவர் அந்த ஒப்புதல் கிடைத்ததை மெய்ப்பிக்கக் கூடியவராக இருக்க வேண்டும். முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டி ஒப்புதல் ஆகாது. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டமோ, வணிக மடலில் அனுப்புநரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், விலகல் வேண்டுகோளைப் பத்து வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்கிறது. இணையவழி விற்பவருக்கு வாங்குபவர் எந்த நாட்டிலும் இருக்கலாம் என்பதால், இருப்பவற்றில் கடுமையான விதியைப் பின்பற்றிவிடுவதே நிம்மதி.

இன்னொன்றும் உண்டு. பழைய கட்டுரையை வண்ணப் பின்னணி, அட்டவணை எல்லாவற்றுடனும் அப்படியே மடலுக்குள் ஒட்டினால் அதன் குறிநிரல் பெருத்துவிடும். ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டிய மடலை ஜிமெயில் இடையில் வெட்டி, "முழு மடலையும் காண்க" என்று காட்டும். விலகல் இணைப்பு அடியில்தான் இருக்கும். அது வெட்டுண்டு போனால், விலக விரும்புபவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார்.

மறுமொழி: தையல்துணை

மூவருக்கும் மிக்க நன்றி. மின்னூல் எண்ணத்தை விட்டுவிட்டோம். தாளுக்கான வரைவை இன்றே எழுதத் தொடங்கிவிட்டோம். எந்த அறிகுறியை மேலே வைப்பது என்று எங்களுக்குள் நடந்த பேச்சிலேயே பழைய கட்டுரைகளில் விட்டுப்போன சில செய்திகள் தெரியவந்தன.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. தாள் கிடைத்த பிறகு அவர்களுக்கு அனுப்பும் மடல்களில் பழைய கட்டுரையை முழுமையாகத் தருவதா, சிறு அறிமுகத்துடன் தளத்துக்கு இணைப்பு மட்டும் கொடுப்பதா? இது தவிர, இதுவரை உதிரிபாகங்கள் வாங்கியவர்களின் முகவரிகள் எங்கள் விற்பனைப் பதிவேட்டில் இருக்கின்றன. அவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாமா?

மறுமொழி: மடல்வழி

இரண்டாவதற்கு அஞ்சல்தடம் சொன்னதிலேயே விடை இருக்கிறது. பொருளை அனுப்புவதற்காகக் கொடுத்த முகவரியைச் செய்திமடலுக்கும் சேர்த்துக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பு வாங்கியவர்களுக்குத் தொடர்புடைய பொருட்களைப் பற்றி எழுத நிபந்தனைகளுடன் இடம் தரும் சட்டங்கள் உண்டென்றாலும், அவை நாட்டுக்கு நாடு வேறுபடும். எல்லா நாட்டுக்கும் பொருந்தும் வழி ஒன்று இருக்கிறது. இனி வரும் ஒவ்வொரு விற்பனையின் போதும், குறியிடப்படாத பெட்டி ஒன்றை வைத்து, வாங்கிய பொருளுக்கேற்ற குறிப்புகள் வேண்டுமா என்று கேளுங்கள். பொருளுடன் பெட்டிக்குள் அந்த ஒரு பக்கத் தாளையும் அச்சிட்டு வைத்து, அதன் கீழ் மூலையில் பதிவுப் பக்கத்துக்கான க்யூஆர் குறியீட்டை இடலாம். ஊசி வாங்கியவர் அந்தத் தாளை எடுத்து ஒட்டும் இடம் இயந்திரத்துக்கு அருகில்தானே. வெளியில் விற்கப்படும் பட்டியல்களை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்கிவிடாதீர்கள்.

முழுக் கட்டுரையா, இணைப்பா என்பதில் என் கருத்து உறுதியானது. மடல் தன்னளவில் பயன்தர வேண்டும். ஒரு கட்டுரையில் ஐந்து செய்திகள் இருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, மடலுக்குள்ளேயே முடித்துவிடுங்கள். "ஊசியை எப்போது மாற்றுவது?" என்று ஒரு மடல்; ஏறத்தாழ எட்டு மணி நேரம் தைத்த பிறகு மாற்றுவது நல்லது என்ற பொதுவான கணக்கையும், துணியில் நூலிழை இழுபடுவது, ஊசி இறங்கும்போது 'டக் டக்' என்று ஒலி கேட்பது ஆகிய அறிகுறிகளையும் சொன்னால் அது முழுமையான மடல். மேலும் படிக்க விரும்புபவருக்குக் கட்டுரையின் இணைப்பும், வாங்க விரும்புபவருக்கு ஊசிப் பக்கத்தின் இணைப்பும் கீழே இருக்கட்டும். பாதி சொல்லி மீதியைத் தளத்தில் வைத்து இழுக்கும் மடல்களைப் படிப்பவர்கள் விரைவில் திறக்காமலே விட்டுவிடுவார்கள்.

தாளுக்கு அடுத்த மடலை மட்டும் வேறு விதமாக எழுதுங்கள். அதில் எந்தக் கட்டுரையும் வேண்டாம். "நீங்கள் பயன்படுத்துவது மிதிகட்டை இயந்திரமா, மோட்டார் பொருத்தியதா, கணினி இயந்திரமா? அதில் உங்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை என்ன?" என்று இரண்டே கேள்விகள் கேட்டு, இந்த மடலுக்கே பதில் எழுதச் சொல்லுங்கள். பதில் வந்தால் நீங்களே படித்து நீங்களே விடை எழுதுங்கள்; இருவர் நடத்தும் நிறுவனத்தால் முடிந்து, பெரிய நிறுவனங்களால் முடியாத வேலை இது. இயந்திர வகைப்படி பட்டியலைப் பிரித்துக்கொண்டால், மிதிகட்டைக்காரருக்குத் தோல் பெல்ட்டைப் பற்றியும் கணினி இயந்திரக்காரருக்குப் பிழைச் செய்திகளைப் பற்றியும் ஏற்கெனவே எழுதியதிலிருந்தே எடுத்து அனுப்பலாம்.

பலனை அளக்கும்போது, மடலைத் திறந்தவர்களின் விகிதத்தை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். மடலுக்குள் உள்ள படம் இறக்கப்படுவதை வைத்தே திறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஆப்பிள் தன் மெயில் செயலியில் 2021 செப்டம்பரில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, அதை இயக்கி வைத்திருப்பவர்களின் மடல்களில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், படிக்காதவரும் திறந்தவராகவே கணக்கில் வருவார். எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் இணைப்பைச் சொடுக்கினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டுரையின் படிவத்துக்கும் தனி அடையாளக் குறி கொடுத்துவிட்டால், எந்தக் கட்டுரை வழியாகச் சேர்ந்தவர்கள் பிறகு வாங்குகிறார்கள் என்பதும் தெரியவரும். நூல் சிக்குப் பக்கத்தில் பதிவு குறைவாக இருந்து, அங்கிருந்து வருபவர்களே அதிகம் வாங்குகிறார்கள் என்று தெரிந்தால், அடுத்து உருவாக்கும் தாளை அந்தச் சிக்கலுக்கென்றே தனியாகச் செய்யுங்கள்.